கிரியோனின் அச்சம்

துன்பியல் நாடகங்களைப் பற்றிப் பேசும்போது விதி என்னும் சொல்லை நாம் மிக எளிதாகக் கையாண்டு விடுகிறோம். சோபோக்கிளிஸ் எழுதிய 'அன்ரிகனி' நாடகத்தில் விதியைக் காட்டிலும் அச்சமே பெரிய வேலையைச் செய்கிறது என்பது என் எண்ணம். இன்றைய உரை அதைப் பற்றியதே.

கி.மு. 441ஆம் ஆண்டளவில் ஏதென்சில் மேடையேறியதாகக் கருதப்படும் நாடகம் இது. ஆசிரியர் அதிகாரத்தை வெளியில் நின்று மட்டும் பார்த்தவரல்லர். பெரிக்கிளிசுடன் படைத்தலைமைப் பதவியும் வகித்தவர். கதை பலரும் அறிந்ததே. தீப்ஸ் நகரின் ஆட்சிக்காகச் சகோதரர் இருவர் பொருது, ஒருவர் கையால் மற்றவர் மடிகின்றனர். அரியணை ஏறிய மாமன் கிரியோன், நகரைக் காத்தவனுக்கு மரியாதையுடன் அடக்கம் என்றும், படையெடுத்து வந்த பொலினீசசின் உடல் நாய்க்கும் பறவைக்கும் என்றும் ஆணையிடுகிறான். சகோதரி அன்ரிகனி அவ்வுடலின்மேல் மண் தூவுகிறாள்.

இனி, யார் அஞ்சுகிறார்கள் என்று பார்ப்போம். செய்தி கொண்டுவரும் காவலாளி நடுங்குகிறான். சீட்டு தன் பெயருக்கு விழுந்ததால் வந்ததாகச் சொல்கிறான். முதியோர் குழு வாய் திறக்கத் தயங்குகிறது. முதலில் அஞ்சி விலகிய இஸ்மீன், அன்ரிகனி பிடிபட்டதும் தானும் உடன்சாக முன்வருகிறாள். அவளிடத்தில் அன்பு அச்சத்தை வென்று விடுகிறது.

தன் அச்சத்தை நெடுநேரம் ஒப்புக்கொள்ளாதவன் கிரியோன் ஒருவனே. பிணத்தின்மேல் ஒரு பிடி மண் விழுந்ததும், யாரோ பணம் கொடுத்துச் சதி செய்வதாகச் சந்தேகிக்கிறான். விழியற்ற தீர்க்கதரிசி தைரேசியஸ் எச்சரிக்க வந்தபோதும் அதே குற்றச்சாட்டுத்தான். அன்பினால் ஒருவர் ஒரு காரியத்தைச் செய்யக்கூடும் என்பது அவன் கணக்கில் இல்லை.

அன்ரிகனியை மணக்க இருந்தவன் கிரியோனின் மகன் ஹேமன். காதலர் இருவரும் உரையாடும் காட்சி நாடகத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஹேமனின் காதல் தந்தையின் முன்னே அரசியலாகத்தான் பேசுகிறது. அரசன் முகத்துக்கு அஞ்சி மக்கள் மறைப்பதை இருட்டில் தான் கேட்பதாகவும், நகரம் அப்பெண்ணுக்காக வருந்துவதாகவும் அவன் எடுத்துரைக்கிறான். அரசனுக்கு மக்களின் மனம் தெரியவந்த வழி அது. கிரியோனோ, பெண்ணுக்கு அடிமைப்பட்டவனின் பேச்சென்று அதைத் தள்ளி விடுகிறான்.

தைரேசியஸ் எச்சரித்துச் சென்றபின் கிரியோன் இறங்கி வருகிறான். குகையில் அடைத்த பெண்ணை விடுவித்து, இறந்தவனுக்குச் சமாதி எழுப்புமாறு முதியோர் கூறுகின்றனர். அவன் செய்ததோ மறுதலை. முதலில் பிணத்தை நீராட்டி, எரியூட்டி, மண்மேடு எழுப்புகிறான். பிறகே குகைக்குச் செல்கிறான். அதற்குள் அன்ரிகனி தூக்கிட்டு இறந்துவிட்டாள். ஹேமன் தந்தையின் கண்முன்னே தன்னை வாளால் குத்திக் கொள்கிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் உயிரை மாய்த்துக் கொள்கிறாள்.

இந்த வரிசை ஏன் மாறியது? எனக்குத் தோன்றுவது இதுதான். பிணத்தை அடக்கச் சொன்னது தெய்வங்களின்மேல் அவனுக்கு எழுந்த பயம். குகைக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டியது மகன்மேல் கொண்ட அன்பு. பயத்தைக் கொண்டு ஆள நினைத்தவன், திருந்தும் வேளையிலும் பயத்துக்கே முதலிடம் கொடுத்தான். அந்தத் தாமதத்துக்குள் ஒரு குடும்பமே அழிந்தது. இதை விதியென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.