வல்லூற்றின் முதற் பறப்பு



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்றோடு கல்குடாக் கரைக்கும், அயலிலுள்ள வாழைச்சேனைக் களப்பின் சேற்றுத்தரைகளுக்கும் வடபுலத்துப் பறவைகள் வந்து சேர்வதைக் கீழ்க்கரையில் வாழும் நேயர்கள் ஆண்டுதோறும் கண்டு வருகின்றீர்கள். உள்ளான் என்று நம்மவர் பொதுப்பெயரால் வழங்கும் சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாக நின்று சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். மனிதர் எவரும் அண்மையில் இல்லை; நாயும் குரைக்கவில்லை. ஆயினும் திடீரென அக்கூட்டம் முழுவதும் ஒரே கணத்தில் மேலெழுந்து, உதறிய சேலையைப்போல ஒருபுறம் வெண்மையும் மறுபுறம் கருமையுமாக மடிந்து மடிந்து திரும்பும். அவ்வேளையில் அக்கூட்டத்தைப் பாராது, அதற்கு மேலேயுள்ள வானத்தைப் பார்த்தல் வேண்டும். கூரிய சிறகும் குறுகிய வாலும் உடைய ஒரு பறவை அங்கே தனித்துத் தோன்றும். அதுவே வல்லூறு. பறவை நூலார் அதனைப் பொரி வல்லூறு என்பர்.

பிராந்தையும் வல்லூற்றையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மிற் பலர். முற்றத்துக் கோழிக்குஞ்சின்மேற் கண்வைப்பவை வைரியும் பிராந்துமே. மீன்வாடியைச் சுற்றிப் பறந்து, எறிந்த மீனைக் கவர்ந்து செல்வது செம்பிராந்து. வல்லூற்றின் தொழில் வேறு. பறக்கும் பறவையைப் பறந்தே பிடிப்பது அதன் வழக்கம். உயரத்திலிருந்து சிறகுகளை ஒடுக்கிக்கொண்டு விழும்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றரைக் கடந்துவிடுகின்றது. உயிரினங்களுள் வேகத்தில் இதனை விஞ்சியது வேறொன்றும் இல்லை. காலால் மோதி இரையை நிலைகுலையச் செய்தபின், மேலலகின் விளிம்பிலே பல்லைப்போல் அமைந்துள்ள முனையினால் அதன் கழுத்தெலும்பை முறித்துவிடும்.

இத்தகைய உடலமைப்பு வல்லூற்றுக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. ஆனால் அவ்வுடலைக் கையாளும் வித்தையை அது கற்றே பெறுதல் வேண்டும். அதற்குக் கிடைக்கும் காலமோ மிகச் சிறிது. பிறந்த இடத்தின் விளிம்பை விட்டு முதன்முதற் காற்றில் இறங்கிய நாள் தொடங்கி, ஏறக்குறைய ஆறு கிழமை. இன்றைய பேச்சு பெரும்பாலும் அந்த நாட்களைப் பற்றியது.

கல்குடாவிலே நாம் காணும் வல்லூறு இங்கே குடும்பம் நடத்துவதில்லை. அதன் பிறந்தகம் வடதுருவத்தை அடுத்த சைபீரியப் பனிவெளி. அங்கே ஆனி, ஆடி மாதங்களில் குஞ்சுகளை வளர்த்து, குளிர் வந்ததும் தெற்கே புறப்பட்டு, நம் களப்பிற் சில மாதம் விருந்துண்டு, பங்குனி சித்திரையில் மீளும். ஆயினும் இலங்கையை விட்டு நீங்காத வல்லூறும் ஒன்று உண்டு. ஷாகீன் எனப்படும் அது அதே இனத்தின் மற்றொரு கிளை. தலை கரியது, வயிறு செம்மை படர்ந்தது. மார்கழி தொடங்கிச் சித்திரை வரையிலான மாதங்களே அதன் இனப்பெருக்கக் காலம். எனவே, தை மாதத்தில் வடபுல விருந்தாளி கல்குடாவில் உள்ளானைத் துரத்தும் அதே நாட்களில், உள்நாட்டு உறவினராகிய ஷாகீன் முட்டைமேல் அமர்ந்திருத்தலும் கூடும். அதுவும் தொலைவில் அன்று. கல்குடாவிலிருந்து ஏறக்குறைய நேர்மேற்கே, பறவை செல்லும் வழியில் 90 கிலோமீற்றருக்கும் குறைவான தொலைவில் நிற்கும் சிகிரியாப் பாறை அதன் புகழ்பெற்ற வாழிடங்களுள் ஒன்று.

சிகிரியா, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அரண்மனை கட்டி ஆண்ட நகரம். அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 180 மீற்றர் செங்குத்தாக எழுகின்ற அப்பாறையின் உச்சியிலே இன்று அரசனும் இல்லை, அரண்மனையும் இல்லை. அடித்தளமும் படிகளும் எஞ்சியுள்ளன. ஓவியங் காணவும் உச்சி ஏறவும் நாள்தோறும் மக்கள் திரள்கின்றனர். அவர்களுடைய ஆரவாரத்துக்கு எட்டாத பாறை விளிம்புகளிலே ஷாகீன் வாழ்கின்றது. மேலைநாட்டு நகரங்களில் வானளாவும் மாடங்களிலே வல்லூறு குடியேறியிருப்பதைப் பலர் புதுமையாகப் பேசுகின்றனர். பாறையையே நகராக்கிய நம் நாட்டிலோ, அந்நகரம் பாழடைந்த பின்னரும் பறவை மாத்திரம் குடியிருக்கின்றது. வல்லூற்றுக்கு வேண்டியது காடும் அன்று, நாடும் அன்று; உயரம் ஒன்றே. கீழே திறந்த வெளியும் அதிலே பறக்கும் பறவைகளும் இருந்தாற் போதும். அமைத்தவர் இயற்கையா, கொத்தனாரா என்று அது கேட்பதில்லை. இந்தியாவிலே கட்டடங்களிலும் கைத்தொலைபேசிக் கோபுரங்களிலும் ஷாகீன் முட்டையிட்டதைக் கண்டு பதிந்துள்ளனர்.

நேயர்களே! தூக்கணாங்குருவி நார் நாராகப் பின்னுகின்றது. காகம் சுள்ளி பொறுக்கி அடுக்குகின்றது. வல்லூறோ கூடு என்று எதனையும் கட்டுவதில்லை. பாறை விளிம்பிற் படிந்த மண்ணிலும் பரலிலும் மார்பை அழுத்தி, காலாற் பின்னே பறித்து, ஒரு சிறு குழி செய்யும், அவ்வளவே. இந்தச் சிறு செய்தி பெரிதாக விளைந்த கதை ஒன்று உண்டு. கனடாவின் மொன்றியல் நகரத்திலே சன் லைவ் என்னும் காப்புறுதி நிறுவனத்தின் உயர்ந்த கட்டடத்தில் 1936ஆம் ஆண்டிலே ஒரு பெண் வல்லூறு குடியேறிற்று. விளிம்போ வெறுங் கல்லும் உலோகமும். மண் இல்லாத இடத்தில் முட்டை நிலையாகக் கிடப்பது எங்ஙனம்? சில ஆண்டுகள் வீணாயின. 1940ஆம் ஆண்டில், அதனைக் கவனித்து வந்த பறவை அன்பர்கள் பரற்கல் பரப்பிய தட்டு ஒன்றை அங்கே வைத்தனர். குஞ்சுகள் பொரித்தன. 1952 வரை அந்த ஒரு தாய் இருபது குஞ்சுகள் வரை வானுக்கு அனுப்பியது. பல கோடி செலவில் எழுந்த மாளிகையிலே அப்பறவைக்குக் குறையாய் இருந்தது ஒரு கூடைப் பரல்!

மூன்று அல்லது நான்கு முட்டைகள். செங்கற்பொடி தூவினாற்போன்ற நிறம். ஏறக்குறைய 33 நாள் அடைகாத்தபின், வெண்பஞ்சு போர்த்த குஞ்சுகள் வெளிவரும். முதல் இரண்டு கிழமையும் தாய் அவற்றை விட்டு அதிகம் அகலாது. வேட்டை பெரும்பாலும் தந்தையின் பொறுப்பு. ஆண் வல்லூறு பெண்ணினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சிறியது. அது கொணரும் இரையைத் தாய் எதிர்சென்று, நடுவானிலே தலைகீழாகத் திரும்பிக் காலால் வாங்கிக்கொள்ளும். பின்னர் இறகைக் களைந்து, ஊனைத் துண்டு துண்டாகக் கிள்ளி ஊட்டும். அந்தக் கொடிய அலகு அப்பொழுது எத்துணை மென்மையாய்த் தொழிற்படுகின்றது என்பதை, நகர்க் கூடுகளின் அருகே பொருத்திய படப்பிடிப்புக் கருவிகளின் வாயிலாக இன்று உலகம் முழுவதும் காண்கின்றது. இங்கிலாந்தின் டார்பி நகரத் தேவாலயக் கோபுரத்திலே 2006இல் ஒரு மேடை அமைத்துக் கொடுத்தனர். அவ்வாண்டே வல்லூறுகள் அதில் குஞ்சு பொரித்தன.

மூன்றாங் கிழமையிற் பஞ்சினூடே கரிய இறகு முளைக்கும். ஐந்தாங் கிழமையில் பஞ்சு காற்றோடு போய்விடும். தலையில் மாத்திரம் வயோதிபரின் நரைபோலச் சிறிது ஒட்டிக்கொண்டிருக்கும். இனித்தான் இடர் தொடங்குகின்றது. குஞ்சுகள் விளிம்பின் ஓரத்துக்கு வந்து, நகங்களாற் கல்லைப் பற்றிக்கொண்டு சிறகடிக்கும். பெரியவை இரையைக் குறைத்துவிடும். இரையைக் காலிற் பற்றியவாறு குஞ்சுகளின் கண்ணெதிரே பறந்து கடந்து செல்லுமேயன்றி இறங்கிக் கொடா. குஞ்சுகள் அலறும். தாயின் நெஞ்சம் கல்லாயிற்றோ என்று காண்போர் நினைப்பர். அதனை வன்மை என்று கொள்ள என் மனம் இடந்தரவில்லை. தின்று கொழுத்த குஞ்சின் எடை அதன் சிறகுக்குச் சுமையன்றோ?

பொரித்த நாற்பதாம் நாளை ஒட்டி ஒரு குஞ்சு போய்விடும். உடல் சிறியதாதலால் ஆண்குஞ்சே பெரும்பாலும் முந்திக்கொள்ளும். ஷாகீனில் இது 48 நாள் வரை செல்வதுண்டு. துணிந்து பாய்வதும் உண்டு. சிறகடிக்கையிற் காற்று தூக்கிச் செல்ல, எண்ணாமலே பறந்துவிடுவதும் உண்டு. பறப்பது அரிதன்று, இறங்குவதே அரிது. வேகத்தைக் குறைக்க அறியாது, நின்ற இடத்தைத் தாண்டிப் போய் மோதும். சிகிரியா போன்ற பாறையிலே கீழே மரமும் புதரும் இருக்கும். வெயிலிற் சூடேறிய பாறையின் முகத்தில் மேலெழும் காற்று தாங்கிக்கொள்ளும். ஒரு விளிம்பு தவறினும் வேறொரு விளிம்பு உண்டு. நகரத்திலோ வானத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடிச் சுவர்கள் நிற்கின்றன. வானமென்று நம்பிச் சென்ற குஞ்சு கண்ணாடியில் மோதி மடிகின்றது. தப்பித் தெருவில் இறங்கினாலும், நாற்புறமும் சுவர் சூழ்ந்த தரையிலிருந்து எழுந்து பறக்க அதன் இளஞ்சிறகுக்கு வலிமை போதாது. வண்டிகள் ஓடும் தெருவிலே அது திகைத்து நிற்கும்.

நம் உறவினர் பலர் குடியேறியுள்ள ரொறன்ரோ நகரிலே, குஞ்சுகள் வெளிப்படும் நாட்களில் தொண்டர்கள் தெருவோரத்தில் முறைவைத்துக் காவல் நிற்பார்கள். அவர்கள் கையில் இருப்பவை ஒரு துவாயும் ஒரு பெட்டியும். விழுந்த குஞ்சைத் துவாயாற் போர்த்து எடுத்து, காயமில்லையேல் கட்டடத்தின் மேற்றளத்துக்குக் கொண்டு சென்று விடுவார்கள். அவ்வேளை தாயும் தந்தையும் நன்றி பாராட்டுமென்று எண்ண வேண்டாம். தலையைக் குறிவைத்துப் பாயும். இரண்டாம் முறை விழும் குஞ்சு குறைவு.

பின்னர் நடப்பது பள்ளிக்கூடம். பெற்றோர் இரையோடு மேலே பறக்க, குஞ்சு துரத்தும். எட்டிய உயரத்தில் இரை நழுவ விடப்படும். முதலிற் செத்த இரை. பின்பு உயிருள்ள இரை. தவறவிட்டால் தாய் கீழே பாய்ந்து மீண்டும் பற்றி, மறுபடியும் மேலேறும். உடன்பிறந்தவை ஒன்றையொன்று துரத்திப் போலிப் போர் புரியும். ஆறாங் கிழமை அளவில் குஞ்சு தானாகவே ஒரு புறாவையோ மைனாவையோ வீழ்த்தும். சில நாளில் அது அவ்விடத்தை விட்டு அகன்றுவிடும். இங்ஙனம் தேறியவற்றுள்ளும் பாதிக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்துபோகின்றன.

நகரத்தார் இத்துணைக் கவனம் செலுத்தக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் இப்பறவை அவர்கள் கண்ணினின்றும் மறைந்தே போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயல்களிலும் பழத்தோட்டங்களிலும் டீ.டீ.ரீ. மருந்து மிகுதியாகத் தெளிக்கப்பட்டது. பூச்சியினின்று சிறு பறவைக்கும், சிறு பறவையினின்று வல்லூற்றுக்கும் அது படிப்படியாகச் செறிந்து ஏறிற்று. முட்டையோடு மெலிந்தது, அடைகாக்க அமர்ந்த தாயின் எடையே முட்டையை உடைத்தது. நூதனசாலைகளிற் கிடந்த பழைய முட்டையோடுகளை நிறுத்துப் பார்த்து, 1967ஆம் ஆண்டில் இதனை வெளிப்படுத்தியவர் இங்கிலாந்தின் டெரக் ராட்கிளிவ். அமெரிக்காவின் கீழ்ப்பகுதியிலோ 1960களின் நடுவிற் கூடுகட்டும் வல்லூறு ஒன்றேனும் எஞ்சவில்லை. 1972இல் அந்நாடு மருந்தைத் தடைசெய்தது. கூண்டில் வளர்த்த குஞ்சுகளைப் பாறைகளிலும் மாடங்களிலும் ஏற்றி விட்டனர். 1999இல் அழிவுறும் இனங்களின் பட்டியலினின்றும் அதன் பெயரை நீக்கினர்.

அந்த மருந்தை நாம் மட்டும் பழித்தல் முறையன்று. 1934, 35ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்ட மலேரியாவை, 1946 முதல் வீட்டுச் சுவர்களில் தெளித்த டீ.டீ.ரீ. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் என்ற அளவுக்கு அடக்கிற்று. நோய் பின்பு மீண்டது வேறு கதை. நுளம்பு அமரும் சுவரிலே அளவோடு பூசுவதும், விமானத்தால் வயலெங்கும் கொட்டுவதும் ஒன்றல்லவே.

இலங்கையின் ஷாகீன்கள் எத்துணை? 1996ஆம் ஆண்டின் மதிப்பீடு 40 சோடிகள் என்றது. ஷாகீனின் ஒரு கூட்டிலிருந்து பறந்து தேறுவது சராசரியாக ஒன்றரைக் குஞ்சுக்கும் குறைவு. பெருக்கிப் பார்த்தால், நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு அறுபதுக்குள் அடங்கும் குஞ்சுகள். அவற்றுள்ளும் பாதி போய்விடும். இந்நிலையில் ஒரு பாறை விளிம்பு அழிவது சிறிய இழப்பன்று. கருங்கல் உடைப்போர் மலையின் செங்குத்து முகத்தையே வெடிவைத்து இறக்குகின்றனர். வீதிக்குக் கல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மார்கழி முதல் சித்திரை வரை வெடி ஓய்ந்திருந்தால், ஒரு குடும்பம் தன் குஞ்சுகளை இறக்கிக்கொள்ளும். கல்குடாவின் தென்மேற்கே வானத்தில் தெரியும் குடும்பிமலையைப் போன்ற தனிக்குன்றுகளைக் காணும்போது நான் கல்லின் கொள்ளளவை எண்ணுவதில்லை. அதன் விளிம்புகளையே எண்ணுகின்றேன்.

இவ்வாண்டு வாடை பிறந்ததும் கல்குடாக் கரையில் வல்லூற்றைக் காணும் நேயர்கள் அதன் மார்பை உற்றுநோக்குக. முதிர்ந்த பறவைக்கு வெண்மையான அடிப்புறத்திலே குறுக்குக் கோடுகள் ஓடும். கபில நிற மேனியும், மார்பில் மேலிருந்து கீழாக இறங்கும் நெடுங்கோடுகளும் இருந்தால், அது கடந்த ஆடியில் சைபீரியப் பாறையிலிருந்து முதன்முதற் காற்றில் இறங்கிய குஞ்சு. அது உள்ளான்மேற் பாய்ந்து தவறும், மீண்டும் பாயும். பத்திற் பல தடவை வெறுங்காலோடு திரும்பி, கரையோரக் கோபுரக் கம்பியில் அமர்ந்து இறகைக் கோதிக்கொள்ளும்.