பட்டம் வாங்கியது வாடகை அங்கியில்!

(தலைப்பு: ‘இன்றைய குடும்பத்துக்கு ஏற்றது: ஆடையை விலைக்கு வாங்குவதே! வாடகைக்கு எடுப்பதே!’ என்ற பட்டிமன்றத்தில் ‘வாடகைக்கு எடுப்பதே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, புத்தாடை பளபளக்க எதிரே அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, என் அணியின் அன்பர்களே, அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து காதை எங்கள் பேச்சுக்கும் கண்ணை எங்கள் புடவைக்கும் கொடுத்திருக்கிற தாய்மார்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் எங்கள் மீது மூன்று குற்றச்சாட்டு வைத்தார். ஒன்று, வாடகை உடுப்பு கௌரவக் குறைச்சல். இரண்டு, யாரோ போட்டதை நாம் போடுவது அருவருப்பு. மூன்று, எல்லோரும் வாடகைக்கு எடுத்தால் நெசவாளி வயிற்றில் ஈரத்துணிதான். மூன்றையும் சொல்லிவிட்டு, இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று ஒரு பழமொழியையும் எடுத்து விட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டின கை ஓயறதுக்குள்ள நான் ஆரம்பிச்சுடறேன்.

அண்ணன் வீட்டுக்கு நான் போயிருக்கேன் ஐயா. அண்ணி கையால காப்பி குடிச்சிருக்கேன். கூடத்துல நட்டநடுவுல பெரிசா ஒரு போட்டோ. கறுப்பு அங்கி, தோள்ல வண்ணப் பட்டை, கையில பட்டச் சுருள், முகம் கொள்ளாத சிரிப்பு. அண்ணே, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த அங்கி உங்களோடதா? (சிரிப்பு, கைதட்டல்)

பட்டமளிப்பு அன்னைக்குக் காலைல வரிசைல நின்னு, முன்பணம் கட்டி வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துட்டு மிச்சக் காசை வாங்கிட்டு வந்த வாடகை அங்கிதானே அது? நான் முனைவர் பட்டம் வாங்கினதும் அப்படி ஒரு அங்கியிலதான். ஆராய்ச்சி என்னோடது. ராத்திரி கண் முழிச்சது நான். பட்டம் என்னோடது. அங்கி மட்டும் வாடகை. அதனால என் பட்டத்துக்கு மதிப்பு குறைஞ்சு போச்சா? நம்ம வாழ்க்கையிலேயே பெருமையான போட்டோவை வாடகை உடுப்பில எடுத்து மாட்டி வச்சுக்கிட்டு, வாடகை உடுப்பு கௌரவக் குறைச்சல்னு பேசறது என்ன நியாயம் ஐயா?

அது பெரியவங்க கதை. பிள்ளைங்க கதைக்கு வாங்க. பள்ளிக்கூடத்துல மாறுவேடப் போட்டி. நம்ம பையன் பாரதியார். கறுப்புக் கோட்டும் முண்டாசும் விலைக்கா வாங்கினோம்? வாடகைக்கடைக்குத்தானே ஓடினோம்? பாரதியாரையே வாடகைக்கு எடுத்த சமுதாயம் ஐயா இது! (பலத்த சிரிப்பு)

இரவல் வேறு, வாடகை வேறு. இதை அண்ணன் குழப்பக் கூடாது. இரவல் வாங்கினால் கடமைப்படுகிறோம். வாடகைக்கு எடுத்தால் காசு கொடுக்கிறோம். 1999-இல் வந்த ‘படையப்பா’ படத்தில் இரவல் சட்டை போட்டுக்கிட்டுப் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும். சட்டையைக் கொடுத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து மானத்தை வாங்கினார். இரவல் கொடுத்தவருக்கு வாய் இருக்கு. வாடகைக்கடைக்காரர் கொடுக்கிறது ரசீது. ரசீது ஊர்ல போய்ப் பேசாது! (கைதட்டல்)

அடுத்தது அருவருப்பு. என் மகள் அமெரிக்காவில், நியூஜெர்சியில் வேலை பார்க்கிறாள். அங்கே ஆடைக்குச் சந்தா கட்டுகிற வழக்கம் வந்திருக்கிறது. நாம பத்திரிகைக்குச் சந்தா கட்டுவோமே, அந்த மாதிரி. மாசாமாசம் ஒரு தொகை. நாம தேர்ந்தெடுத்த உடுப்புகள் ஒரு பையில் வீடு தேடி வரும். போட்டுக்கிட்டு, துவைக்காமலே அதே பையில வச்சுத் திருப்பி அனுப்பிடணும். சலவை அவங்க பொறுப்பு. அது போனதும் அடுத்தது வரும்.

நான் போயிருந்தபோது ஒரு பை வந்தது. பிரிச்சுப் பார்த்துட்டு நானும் அண்ணன் மாதிரியே, “ஏண்டி, யாரோ போட்டதை எப்படிடி போடுவே?” அப்படின்னேன். அவ திரும்பி நின்னு, “ஏம்மா, நேத்து ஓட்டல்ல தலை வச்சுப் படுத்தியே, அந்தத் தலையணை உறை உனக்காகவா தைச்சாங்க?” அப்படின்னா. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. பட்டிமன்றத்துல ஜெயிச்சுட்டு வந்துடலாம், பெத்த பொண்ணுகிட்ட முடியாது! (சிரிப்பு)

இந்தச் சந்தா எப்படிப் பிறந்ததுன்னு சொல்றேன். ஜெனிஃபர் ஹைமன் என்று ஒரு பெண், ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காகச் சக்திக்கு மீறிக் கடன் அட்டையில் ஓர் உடை வாங்கினார். பீரோ நிறைய உடுப்பு இருக்கே, ஏன் வாங்கினேன்னு அக்கா கேட்டா, அதையெல்லாம் போட்டுக்கிட்ட படங்களை ஃபேஸ்புக்கில் எல்லாரும் பார்த்துட்டாங்க, மறுபடி எப்படிப் போடறதுன்னு பதில். அந்தப் பதிலில் பிறந்தது ஒரு தொழில். 2009-இல் ஜெனிஃபர் ஃப்ளீஸ் என்ற தோழியோடு சேர்ந்து ‘ரென்ட் தி ரன்வே’ என்ற வாடகை ஆடை நிறுவனத்தைத் தொடங்கினார். 2016-இல் மாதச் சந்தாவும் வந்தது. ஜப்பானில் ‘ஏர்குளோசெட்’ என்ற நிறுவனம் 2015-இலேயே சந்தாவில் உடை அனுப்ப ஆரம்பித்துவிட்டது.

அமெரிக்காக்காரி சொன்ன அதே வார்த்தைதானே ஐயா நம்ம வீட்டிலயும் கேக்குது? “இந்தச் சேலையைத்தான் போன கல்யாணத்துக்குக் கட்டிட்டேனே, வாட்ஸ்அப்புல எல்லாரும் பார்த்துட்டாங்களே!” நாம புதுச் சேலை கேக்கறது உடம்புக்காக இல்ல. ஊர்க் கண்ணுக்காக. ஊர்க் கண்ணுக்காக உடுத்துறதுக்கு நம்ம வீட்டுப் பணத்தை ஏன் முழுசாக் கொட்டணும்?

புறநானூற்றில் நக்கீரனார், உலகாளும் மன்னனுக்கும் சரி, காட்டில் வேட்டையாடுகிறவனுக்கும் சரி, வேண்டியது இரண்டு ஆடைதான் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். நம்ம பீரோவைத் திறந்தா மேல விழுது! நான் ஒரு சின்னக் கணக்குச் சொல்றேன், வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்க. துணியின் விலையை, எத்தனை தடவை உடுத்தினோம் என்பதால் வகுத்துப் பாருங்க. 1,200 ரூபாய்க்கு ஒரு பருத்திச் சேலை. நூறு தடவை கட்டினா, ஒரு தடவைக்கு 12 ரூபாய். 20,000 ரூபாய்க்கு ஒரு பட்டு. பத்து வருஷத்துல நாலு தடவை கட்டினா, ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்! இடைப்பட்ட நாளெல்லாம் அதுக்கு நாம வேலைக்காரி. நிழல்ல காத்தாட விடணும், ஜரிகை ஒடியாம மடிப்பு மாத்தி வைக்கணும், வெள்ளைத் துணியில சுத்தணும். பெத்த பிள்ளையைக் கூட நாம இப்படிப் பார்த்துக்கிட்டது இல்ல. கடைசியில கட்டலாம்னு எடுத்தா ரவிக்கை பத்தாது! (சிரிப்பு)

எங்க வீட்டுக்காரருக்குக் கல்யாண வரவேற்புக்குத் தைச்ச கோட்டு சூட்டு முப்பது வருஷமா பீரோவுல தொங்குது. கோட்டு அப்படியே இருக்கு. அவர்தான் அப்படியே இல்ல. (பலத்த சிரிப்பு)

அதற்காக எல்லாவற்றையும் வாடகைக்கு எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தாலி கட்டும்போது உடுத்துகிற கூறைச்சேலையை வாங்குங்கள். தீபாவளிக்கு மஞ்சள் வைத்துப் பெரியவர்கள் கையால் வாங்கிக் கட்டுகிற துணியை வாங்குங்கள். அதில் நம் நினைவு இருக்கிறது. தினம் உடுத்தித் தேய்கிற துணியை வாங்குங்கள். அதில் நம் உழைப்பு இருக்கிறது. ஒரு மாலை நேரம் மேடையில் நின்று படம் எடுத்துக்கொள்கிற ஷெர்வானியும் லெஹங்காவும் ஊர்ப் பார்வைக்கு. அதை வாடகைக்கு எடுங்கள். இதுதான் எங்கள் கட்சி.

சந்தா கட்டின என் மகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். முதல் மாசம் கலர் கலரா எடுத்தா. போகப் போக, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி மூணு உடுப்பையே எடுத்தா. தனக்கு எது பொருந்தும்னு அப்பத்தான் அவளுக்கே தெரிஞ்சது. ஆறாவது மாசம், மனசுக்குப் பிடிச்ச ஒரு நீலக் கோட்டை மட்டும் கழிவு விலையில் சொந்தமா வாங்கிக்கிட்டு, சந்தாவை நிறுத்திட்டா. எதிரணித் தம்பி கை தட்டுறார், “பாத்தீங்களா, நிறுத்திட்டா!” அப்படின்னு. தம்பி, சந்தாவை நிறுத்த முடியும். வாங்கி வச்ச பட்டை எப்படிப்பா நிறுத்துவே? (கைதட்டல்)

ஆனால் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் எவ்வளவு, கறை பட்டால் யார் பொறுப்பு, ஒரு நாள் தாமதமானால் என்ன பிடிப்பார்கள், எல்லாவற்றையும் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வாடகைதானே என்று வாராவாரம் ஒன்று எடுத்தால் அதுவும் ஊதாரித்தனம்தான்.

அணித் தோழர் ஒருவர் ஃபின்லாந்து ஆய்வைச் சொன்னார். 2021-இல் வந்த ஆய்வு. ஜீன்ஸை வாடகைக்கு எடுக்கக் காரில் போய்ப் போய் வந்தால், வாங்குவதைவிடச் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் என்றது. உண்மைதான். ஆனால் அந்தப் போக்குவரத்துப் புகையைக் குறைத்தால் கணக்கு மாறும் என்றும் அதே ஆய்வு சொல்கிறதே! பக்கத்துத் தெருக் கடைக்கு நடந்தே போவோம். உடம்புக்கும் நல்லது.

இப்போது நெசவாளிக்கு வருகிறேன். கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தொடங்கியது. கைத்தறியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டையே இல்லை. ஆனால் நெசவாளியின் சோற்றில் மண் போடுவது எது? நாலு சலவையில் சாயம் போய், கிழிந்து, குப்பைக்குப் போகிற மலிவுத் துணி. வாடகைக்கடைக்கு அந்தத் துணி ஆகாது. பத்துப் பேர் உடுத்தினாலும் தாங்குகிற நல்ல துணிதான் அங்கே நிற்கும். லெஹங்காவுக்கு வாடகை கொடுத்து மிச்சம் பிடித்த பணத்தில் வீட்டுக்கு ஆளுக்கொரு கைத்தறி எடுங்கள். நெசவாளி வயிறும் நிறையும்.

ஒரே ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்பது உலக இயற்கை நிதியம் சொல்கிற கணக்கு. சாயத்துக்கு நாம் கொடுத்த விலையை நொய்யலாற்றில் போய்ப் பாருங்கள். பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயி கண்ணீர் விட்டான். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது. திருப்பூர்த் தொழிலாளியின் வியர்வையை நான் குறை சொல்லவில்லை. தேவைக்கு மேல் வாங்குகிற நம் கையைச் சொல்கிறேன்.

நிறைவாக ஒன்று. என்னிடம் எம்.ஏ. படித்த பெண். பேர் வேண்டாம். அப்பா இல்லை. அம்மா தையல் வேலை. கல்யாணம் நிச்சயமாச்சு. வரவேற்புக்கு லெஹங்கா போடணும்னு பிள்ளைக்கு ஆசை. விலை 40,000 ரூபாய். அந்த அம்மா கழுத்துல கிடந்த ஒத்தைச் சங்கிலியை அடகு வச்சாங்க. பொண்ணு ராணி மாதிரி நின்னா. நானும் போய் வாழ்த்திட்டு வந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சுக் கல்லூரிக்கு வந்தா. நல்லா இருக்கியாம்மான்னு கேட்டேன். கண்ணு கலங்கிடுச்சு. “லெஹங்கா பரண்மேல அட்டைப்பெட்டியில இருக்குங்கம்மா. அம்மா சங்கிலி முழுகிப் போச்சுங்கம்மா” அப்படின்னா.

அந்தப் பிள்ளை ஆசைப்பட்டது தப்பா ஐயா? இல்லை. கட்டிக்கிற வயசுல கட்டாம எப்பக் கட்டறது? ஆசை ஒரு சாயங்காலத்துக்கு. அதுக்கு ஒரு சாயங்கால வாடகை போதும். அந்த லெஹங்கா வாடகைக்கு வந்திருந்தா, போட்டோவுல பொண்ணு இதே மாதிரிதான் சிரிச்சிருப்பா. பக்கத்துல நிக்கிற அம்மா கழுத்துல சங்கிலியும் இருந்திருக்கும்! (பலத்த கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, பட்டம் வாங்கின அன்னைக்கே வாடகை அங்கி நமக்குப் பெருமை சேர்த்திருக்கு என்பதை நினைவில் வைத்து, அடகுக்கடைப் படியேறாமல் குடும்பத்தைக் காப்பது வாடகைக்கு எடுப்பதே என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.