மணக்கும் மருந்து

சாத்தூர்ப் பக்கத்தில் ஒருவர் ‘மருந்து’ என்று சொன்னால், அவர் வைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று எண்ணிவிடக் கூடாது. தீக்குச்சியின் தலையில் இருப்பது மருந்து; பட்டாசுக் குழலுக்குள் செலுத்துவதும் மருந்து. வெள்ளரிப் பிஞ்சுக்கும் காராச்சேவுக்கும் பெயர்பெற்ற அந்த வைப்பாற்றங்கரை ஊரைச் சுற்றிய கிராமங்களில், இந்த மருந்தைத் தொட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். நான் இன்று கூறப்போகும் மருந்து வேறொன்று. அது மணத்துக்காகச் செய்யப்படுவது. ஆயினும், அதன் பிறப்பையும் குணத்தையும் சாத்தூர்க்காரர்களைப்போல் விரைவில் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் வேறு எவரும் இலர் என்றே எண்ணுகிறேன்.

கஸ்தூரியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இமயமலைச் சாரலில் வாழும் ஒருவகை ஆண் மானின் வயிற்றடியில் உள்ள சுரப்பியிலிருந்து கிடைப்பது அது. அதற்காக மானைக் கொன்றார்கள்; இனமே அருகியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. இத்தகைய அரிய பொருளைக் கண்ணாடிக் குடுவையில் செய்துவிட முடியுமா என்று மனிதன் ஏங்கியது இயல்பே. ஆனால் விடை கிடைத்த இடந்தான் விந்தையானது.

1888ஆம் ஆண்டு ஆல்பர்ட் பௌர் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் டி.என்.டி. என்னும் வெடிபொருளின் இனத்தைச் சேர்ந்த சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். டொலுவீன் என்ற திரவத்தோடு ஒரு கரிமக் கிளையைச் சேர்த்து, பிறகு அதை நைட்ரிக் அமிலத்தால் பக்குவம் செய்தார். கிடைத்த படிகத்தில் கஸ்தூரி மணத்தது! அதனைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குள் ‘கஸ்தூரி சைலீன்’ முதலிய தம்பிமார்களும் பிறந்தனர். சோப்பு, சலவைத்தூள், அத்தர் வகைகள் எனப் பலவற்றில் அவை புகுந்தன. ஏழையின் சோப்பிலும் கஸ்தூரி மணக்கலாயிற்று.

சற்றே ரசாயனம் பேசுவோம். டி.என்.டி. என்பது ஒரு பென்சீன் வளையம். அதில் ஒரு மீத்தைல் தொகுதி, மூன்று நைட்ரோ தொகுதிகள். கஸ்தூரி சைலீனும் ஒரு பென்சீன் வளையமே. அதில் இரண்டு மீத்தைல் தொகுதிகள், ஒரு பருத்த பியூட்டைல் கிளை, அதே மூன்று நைட்ரோ தொகுதிகள். இந்த நைட்ரோ தொகுதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. கரிமருந்தில் எரிவதற்குக் கரியும் கந்தகமும், எரிப்பதற்கு ஆக்ஸிஜன் தரும் வெடியுப்பும் தனித்தனித் துகள்களாக இருக்கின்றன. நைட்ரோச் சேர்மத்திலோ எரிவதும் எரிப்பதும் ஒரே மூலக்கூறுக்குள் குடியிருக்கின்றன. கஸ்தூரி சைலீனில் கரிமப் பங்கு மிகுதியாதலால் டி.என்.டி.யின் ஆற்றல் அதற்கு இல்லை. ஆனாலும் ஐரோப்பிய வகைப்படுத்தல் அதனை வெடிபொருள் என்றே எழுதியிருக்கிறது; ஐக்கிய நாடுகளின் அபாயச் சரக்குப் பட்டியலிலும் 2956 என்ற எண்ணில் அது இடம்பெற்றிருக்கிறது.

உடனே வீட்டுச் சோப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வாசனை எண்ணெயில் கரைந்து, சோப்பில் கடுகளவு கலந்த நிலையில் அது வெடிக்காது. மூட்டையிலும் பீப்பாயிலும் தூய படிகமாகக் குவிந்திருக்கும்போதுதான் எச்சரிக்கை வேண்டும்.

அந்த எச்சரிக்கை எத்தகையது என்பதைச் சாத்தூர்ப் பட்டாசுச் சாலையிலேயே கற்றுக்கொள்ளலாம். அங்கே இரும்புக் கருவி மருந்தின் அருகே வரக் கூடாது. மரமும் பித்தளையும்தான் ஆகும். பருத்தி ஆடையே உடுத்த வேண்டும். நைலான் உராய்ந்தால் மின்பொறி பிறக்கும். குளோரேட்டும் கந்தகமும் ஒரே அறையில் இருக்கலாகாது. பட்டாசில் அவ்விரண்டையும் கலப்பதையே இந்திய அரசு 1992ஆம் ஆண்டில் தடைசெய்துவிட்டது. அன்று கலந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டும். அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்ததில் ஈரம் பட்டால், இரவில் தீண்டுவார் இல்லாமலே சூடேறும். ஓர் அறைக்குள் ஆள் குறைவு, சரக்கும் குறைவு. இவற்றில் ஒன்று தவறினாலும் என்ன ஆகும் என்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காலையில் தூக்குவாளியோடு வேலைக்குச் சென்றவர்கள் அவர்கள்.

மணக்கும் மருந்துக்கும் விதிகள் இவையே. வெப்பமும் நெருப்பும் அண்டாத தனியறை. பக்கத்தில் குளோரேட், நைட்ரேட் போன்ற ஆக்ஸிஜன் தரும் பொருள்கள் கூடா. இடிப்பதோ தேய்ப்பதோ கூடாது. சிந்தியதை ஈரப்படுத்தி மென்மையாக அள்ள வேண்டும். ஆனால் ஓர் இடர் இருக்கிறது. கந்தகத்தின் நெடி நம்மை எட்ட நிற்கச் செய்கிறது. கஸ்தூரியின் மணமோ அருகே அழைக்கிறது. பூவாசம் வீசும் அறையில் அபாயப் பலகையை எவர் நின்று படிப்பார்?

இனி, வேலை முடிந்தபின் மிஞ்சுவதை என்ன செய்வது? பட்டாசு மருந்து ஒரு நொடியில் வெடித்துத் தீர்ந்துவிடுகிறது. புகையும் சாம்பலும் எஞ்சுகின்றன. கஸ்தூரி சைலீன் தீர்வதே இல்லை எனலாம். அது நீரில் ஏறக்குறையக் கரைவதில்லை; கொழுப்பில் கரைகிறது; கிருமிகளாலும் எளிதில் சிதைக்க முடிவதில்லை. மணம் நெடுநேரம் நிற்க வேண்டும் என்று நாம் விரும்பிய குணமே இப்போது குற்றமாகிறது. துணி துவைத்த நீர் சாக்கடைக்கும், சாக்கடை ஆற்றுக்கும் போயிற்று. 1981ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் டோக்கியோவின் தாமா ஆற்று மீன்களில் கஸ்தூரி சைலீனைக் கண்டார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஜெர்மனியில் தாய்ப்பாலிலேயே அது காணப்பட்டது. குழந்தைக்கு நல்ல வாசனைச் சோப்பு வாங்கிய தாய்மார்களை இதில் குறைகூற என்ன இருக்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் இதனை இயற்கையில் மிகவும் நிலைத்து நின்று, உயிர்களின் உடலில் மிகவும் சேரும் பொருள் என்று தீர்மானித்து, 2014 ஆகஸ்ட் 21க்குப்பின் தனி அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது என விதித்தது. இதன் உறவினமான ‘கஸ்தூரி ஆம்பிரெட்’டோ, அதைப் பூசிய தோலில் வெயில் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கிற்று, எலிகளின் நரம்பையும் கெடுத்தது. அழகுசாதனங்களில் அதனை ஐரோப்பா 1995ஆம் ஆண்டில் அறவே விலக்கியது.

ஆகவே மிஞ்சிய மணப்பொருளைத் தொட்டியில் கொட்டி நீர் விடுவது கழிப்பதன்று, இடம் மாற்றுவதே. குப்பைமேட்டில் தீவைப்பதும் ஆகாது. பட்டாசுக் கழிவை அப்படித் திறந்த வெளியில் எரிக்கப்போய் உயிரிழந்தோர் உண்டு. நமது நாட்டில் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இத்தகைய கழிவைப் பெயர் எழுதிய கலத்தில் மூடி, உரிமம் பெற்ற நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும். அத்தகைய நிலையம் ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. உயர்ந்த வெப்பமுள்ள உலையில், புகையையும் கழுவி வடிகட்டி எரிப்பதே இதற்கு ஏற்ற முடிவு. செலவு பிடிக்கும் காரியந்தான். அதனால்தான் சாக்கடை பலருக்கு எளிதாகத் தோன்றுகிறது.

மாணவ நண்பர்களே, கஸ்தூரி சைலீன் பீப்பாயை நீங்கள் காணாமலே போகலாம். ஆனால் அதன் நெருங்கிய உறவு ஒன்று உங்கள் கல்லூரி ஆய்வுக்கூட அலமாரியிலேயே இருக்கக்கூடும். அதன் பெயர் பிக்ரிக் அமிலம். மூன்று நைட்ரோ தொகுதிகள் கொண்டது. ஒருகாலத்தில் பட்டுக்கு மஞ்சள் சாயமாகப் பயன்பட்டு, பின்னர் பீரங்கிக் குண்டுகளில் நிரப்பப்பட்டது. நீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்கும்வரை அது சாது. ஆண்டுக் கணக்கில் எவரும் கவனியாமல் உலர்ந்துவிட்டால், மூடியைத் திருகும் உராய்வே அதற்குப் போதும். மூடி உலோகமாயின் அபாயம் இன்னும் அதிகம். அடுத்த முறை ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும்போது மேல்தட்டின் பின்வரிசையைப் பாருங்கள். மூடியைச் சுற்றி மஞ்சள் படிகம் பூத்த பழைய புட்டி தென்பட்டால், கைவைக்காதீர்கள், எடுத்துக் குலுக்காதீர்கள், உடனிருப்பவரையும் விலகச் சொல்லிவிட்டு, நேரே சென்று ஆசிரியரிடம் கூறுங்கள்.