வேனுக்குள் ஒரு கடகடப்பு

(வானொலி நற்சிந்தனை)



ஆகஸ்டு 15 அன்று காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்குக் கடையத்திலிருந்து திருப்பயணம் போவதென்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டி வழியாகப் போக வேண்டும். பழைய டீசல் வேன். குழந்தைகளையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர்.

அந்த வேனில் சில வாரமாகவே ஒரு சத்தம். வண்டி நின்றபடி ஓடும்போது கடகடவென்று கேட்கும். வேகம் பிடித்தால் இன்ஜின் இரைச்சலில் அமுங்கிவிடும். ஓட்டுகிற தம்பி இரண்டு முறை சொன்னார். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று தட்டிக்கழித்தது நாங்கள்தான். பிறகு அவரும் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார். சத்தம் போகவில்லை, காதில் விழவில்லை, அவ்வளவுதான். இதை ரேடியோவிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது!

பயணத்துக்கு மூன்று நாள் முன்பு ஒருவர் கேட்டுவிட்டு, "ராடு பேரிங் போயிருக்கும். இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும்" என்றார். எங்களுக்குப் பகீரென்றது. பயணத்தையே நிறுத்திவிடலாமா என்றுகூடப் பேசினோம். கடைசியில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனோம்.

அவர் உடனே ஸ்பானரை எடுக்கவில்லை. "அஞ்சு நிமிஷம் யாரும் பேசாதீங்க சாமி" என்றார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். 1816-இல் பாரிஸில் ரெனே லெனெக் என்ற மருத்துவர் தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான். இதுவும் அதே வித்தைதான். "இரும்பு சத்தத்தைக் கடத்தும் சாமி. கேக்குற இடம் ஒண்ணு, கிளம்புற இடம் ஒண்ணு" என்றார் மெக்கானிக்.

பிறகு பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அரை நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டச் சொன்னார். கடகடப்பு இல்லை! அப்படியானால் கோளாறு இன்ஜினின் உள்ளே இல்லை. பெல்ட் சுற்றுகிற ஏதோ ஒன்றில்தான். இன்ஜினை அணைத்துவிட்டு டைனமோவைக் கையால் சுற்றிப் பார்த்தார், வழவழவென்று சுற்றியது. பேன் இறக்கையைப் பிடித்து அசைத்தார், ஆடியது. அடியில் தண்ணீர் கசிந்து காய்ந்த கறை. வாட்டர் பம்ப்பின் பேரிங் தேய்ந்திருந்தது. "இப்படியே போயிருந்தா வழியில தண்ணி இறங்கி, சூடேறி, இன்ஜினே ஜாம் ஆயிருக்கும்" என்றார். பம்ப்பை மாற்றினார். பதினெட்டுப் பேரும் நல்லபடியாகப் போய்வந்தோம்.

அன்பர்களே, நம் உள்ளத்திலும் இப்படிச் சத்தம் வருவதுண்டு. அப்போது நாம் செய்கிற தவறு இரண்டு. ஒன்று, "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று வேறு இரைச்சலைக் கூட்டிவைப்பது. மற்றொன்று, "எல்லாம் போச்சு, இனி நான் தேறமாட்டேன்" என்று இடிந்துபோவது. இரண்டுமே உண்மையல்ல. தேய்ந்திருப்பது ஏதோ ஒன்று. அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வீட்டில் அப்பா இரவுச் சாப்பாட்டில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுகிறார். கோளாறு குழம்பிலா இருக்கிறது? மனைவியிடம் சொல்லாமல் வாங்கிய கடனில் இருக்கிறது. கேட்கிற இடம் ஒன்று, கிளம்புகிற இடம் ஒன்று! குழம்பை எத்தனை முறை மாற்றினாலும் அந்த வீட்டில் சத்தம் நிற்காது.

1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் புனித இஞ்ஞாசியார் எளிய வழி ஒன்றைச் சொல்கிறார். எல்லாக் குறையையும் ஒரேயடியாகப் பிடிக்காமல், ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதை நினைத்து உறுதி எடுக்க வேண்டும். மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை முறை விழுந்தோம் என்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இன்றைக்கும் நேற்றைக்கும் ஒப்பிட வேண்டும். பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்ப்பது போன்றதுதான் இது.

கண்டுபிடித்தபின் கொண்டுபோய்க் கொடுக்க இடம் இருக்கிறது. ஒப்புரவு அருளடையாளத்தில், "எல்லாப் பாவமும் செய்தேன் சாமி" என்பதைவிட, "இதைச் செய்தேன்" என்று சொல்கிறவருக்கே மனம் லேசாகிறது. வீட்டில் மனைவியிடமும் அதைச் சொல்லிவிட்டால், குழம்பின் உப்பும் சரியாகிவிடும்.

139ஆம் திருப்பாடலைப் பாடியவர் தன் உள்ளத்தைச் சோதித்துப் பார்க்கும்படி கடவுளையே வேண்டுகிறார். இன்றிரவு நாமும் ரேடியோவை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் இருப்போம்.

செபிப்போம்: ஆண்டவரே, எங்களுக்குள் கேட்கும் சத்தத்தை மூடி மறைக்காமலும், அதற்கு அஞ்சி ஓடாமலும், பொறுமையோடு கேட்க அருள்தாரும். தேய்ந்திருப்பதை எங்களுக்குக் காட்டும். உமது கையால் அதைச் சரிசெய்தருளும். ஆமென்.