தலை நிமிரட்டும், தோள் தாங்கட்டும்



விளையாட்டுக் கல்வி வரிசையில் இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் அமெரிக்கக் காற்பந்து. நம் பள்ளித் திடல்களில் ஆடப்படும் காற்பந்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. இங்கே பந்து முட்டை வடிவினது. பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுவதற்கும், எறிவதற்கும் உரியது. ஒவ்வோர் அணியிலும் பதினொருவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணி, நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். பந்தோடு ஓடி வருபவரைப் பிடித்துத் தரையில் வீழ்த்துவது எதிரணியின் வேலை. இவ்வாறு வீழ்த்துவதைத்தான் 'டேக்கில்' என்கிறார்கள்.

வேகமாக ஓடி வரும் ஒருவரை, அதே வேகத்தில் எதிர்கொண்டு வீழ்த்துவது என்றால் அடிபடாமல் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அந்தக் கேள்விக்கு விடை காண அமெரிக்கர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்த்துவிட்டு, பின்னர் முறையான உத்தியைக் காண்போம்.

1905-ஆம் ஆண்டிலேயே இவ்விளையாட்டில் நிகழ்ந்த மரணங்கள் அந்நாட்டை உலுக்கின. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வற்புறுத்தினார். மறு ஆண்டில் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிவதற்கு அப்போதுதான் அனுமதி கிடைத்தது. காலப்போக்கில் தோலால் ஆன தலைக்கவசமும், 1939-ஆம் ஆண்டு முதல் பிளாஸ்டிக் தலைக்கவசமும் வந்தன. பின்னர் முகத்தைக் காக்கும் கம்பித் தடுப்பும் சேர்ந்துகொண்டது.

இங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கவசம் உறுதியாக ஆக, ஆட்டக்காரர்களின் துணிச்சலும் ஏறியது. காப்பதற்கென்று அணிந்த கவசத்தைத் தாக்குவதற்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 'முகத்தை எதிரியின் மார்பில் பதித்து மோது' என்று பயிற்றுநர்களே கற்றுக்கொடுத்த காலமும் உண்டு. கவசம் மண்டையோடு உடையாமல் காத்தது. ஆனால் கழுத்தை அது காக்கவில்லை.

ஏன் காக்கவில்லை? நம் கழுத்தெலும்புகள் இயல்பாகவே ஒரு சிறு வளைவோடு அடுக்கப்பட்டுள்ளன. தலை நிமிர்ந்திருக்கும்போது ஓர் இடி விழுந்தால், அந்த வளைவும் சுற்றியுள்ள தசைகளும் விசையைப் பகிர்ந்துகொள்ளும். தலையைச் சுமார் 30 பாகை முன்னே குனிந்தால் அந்த வளைவு மறைந்து, எலும்புகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். அந்நிலையில் உச்சந்தலை மோதினால் என்ன ஆகும்? ஓடும் இரயிலின் முன்பெட்டி சுவரில் இடித்து நின்றுவிட, பின்பெட்டிகள் நில்லாமல் வந்துகொண்டே இருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். நடுவில் இருக்கும் பெட்டி நொறுங்கும். தலை முன்பெட்டி, உடல் பின்பெட்டி, கழுத்தே அந்த நடுப்பெட்டி.

இந்த உண்மையை ஆராய்ந்து நிறுவியவர்களில் முதன்மையானவர் ஜோசப் டார்க் என்ற எலும்பியல் மருத்துவர். தலை, கழுத்துக் காயங்களுக்கென 1975-இல் தொடங்கிய தேசியப் பதிவேட்டை வைத்து, தலையைக் குனிந்து முட்டுவதே கழுத்து முறிவுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். 1976-ஆம் ஆண்டில், தலையாலும் முகத்தாலும் முதலில் மோதி வீழ்த்துவது உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு, கழுத்து முறிந்து கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தவர்கள் 34 பேர். மறு ஆண்டு 18 பேர். 1984-இல் 5 பேர். புதுக் கருவி எதுவும் கண்டுபிடித்ததால் இக்குறைவு ஏற்படவில்லை. விதியும் அதற்கேற்ற பயிற்சியும் மாறியதால் ஏற்பட்டது. ஆசிரியர்களாகிய நாம் இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆபத்து முழுவதும் நீங்கிவிட்டது என்று எண்ணவேண்டாம். 2017-ஆம் ஆண்டு டிசம்பரில், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ரையன் ஷேசியர் என்ற சிறந்த வீரர், எதிரணிக்காரரை வீழ்த்தப் பாய்ந்தபோது தலை குனிந்தது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. மீண்டும் நடப்பதற்கு அவர் அரும்பாடுபட்டார். நடந்தும் காட்டினார். ஆனால் ஆட்டத்துக்குத் திரும்பவே இயலவில்லை. இதில் அடிபட்டவர் வீழ்த்தப்பட்டவர் அல்லர், வீழ்த்தச் சென்றவர். ஆகவே, முறையான உத்தி என்பது எதிரிக்குக் காட்டும் இரக்கம் மட்டுமன்று. நம்மை நாமே காத்துக்கொள்ளும் வழியும் அதுவே.

இனி, அந்த உத்தியைப் படிப்படியாகக் காண்போம்.

முதலாவது, நெருங்குதல். எதிரிக்கும் நமக்கும் உள்ள தூரத்தை விரைந்து குறைக்க வேண்டும். கிட்டே வந்ததும் அடிகளைச் சிறிதாக்கி, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, முதுகை நேராக வைத்து, முன்பாதத்தில் எடையைத் தாங்க வேண்டும். பார்வை எங்கே இருக்க வேண்டும்? ஓடுபவரின் கண்ணும் தோளும் காலும் ஏமாற்று வித்தை காட்டும். இடுப்பு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. நமக்கு அருகில் உள்ள இடுப்பையே குறிவைத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, தலையின் இடம். கண் திறந்திருக்க வேண்டும், முகவாய் நிமிர்ந்திருக்க வேண்டும். 'எதை அடிக்கிறாயோ அதைப் பார்' என்பது பயிற்றுநர்கள் சொல்லும் சுருக்கமான பாடம். முன்பெல்லாம், ஓடுபவரின் உடலுக்கு முன்னால் தலையைக் குறுக்கே வைக்கச் சொன்னார்கள். அப்படி வைத்தால் ஓடுபவரின் முழு வேகமும் கழுத்தில் இறங்கும். இப்போது ரக்பி ஆட்டக்காரர்களைப் போலத் தலையை அவருக்குப் பின்புறமாக ஒதுக்கி வைக்கும்படி பலர் கற்பிக்கிறார்கள். சியாட்டல் சீஹாக்ஸ் அணியின் பயிற்றுநராக இருந்த பீட் கேரல், 2014-இல் இம்முறையை விளக்கும் காணொளியை வெளியிட்டுப் பரப்பினார்.

மூன்றாவது, தோள். வலத்தோளால் தாங்கினால் வலக்கால் எதிரிக்கு அருகில் ஊன்றியிருக்க வேண்டும். இடத்தோளுக்கு இடக்கால். கால் தூரத்தில் இருக்க, உடலை மட்டும் வீசிப் பாய்ந்தால் தலை தானே தாழ்ந்துவிடும். இடுப்புக்குக் கீழே, தொடைப் பகுதியில் தோள் பதிய வேண்டும்.

நான்காவது, கைகள். இரு கைகளாலும் கால்களைச் சுற்றி வளைத்து இறுக்கிக் கொள்ள வேண்டும். மோதிவிட்டால் விழுந்துவிடுவார் என்று நம்புகிறவரிடமிருந்து, ஓடுபவர் துள்ளித் தப்பிவிடுவார். இரண்டு கால்களும் கட்டப்பட்டால் எவ்வளவு பலசாலியும் ஓட முடியாது. இறுக்கிய பின்னும் கால்களை நிறுத்தாமல் தள்ளினால், வீழ்வது உறுதி. இங்கே பாதுகாப்பும் பயனும் ஒன்றுசேர்வதைக் கவனியுங்கள். தலை நிமிர்ந்தவருக்கே எதிரி விலகுவது தெரியும். குனிந்தவர் வெறும் காற்றையே பிடிப்பார்.

இதை எப்படிப் பழகுவது? முதலில் மண்டியிட்ட நிலையில், மெத்தை விரிப்பின்மேல். அடுத்து நடை வேகத்தில். அதன்பின் பஞ்சு மூட்டையை எதிரியாக வைத்து. கடைசியில்தான் ஆளோடு ஆள், அதுவும் எடையிலும் உயரத்திலும் ஒத்தவர்களோடு. டார்ட்மத் கல்லூரியின் பயிற்றுநராக இருந்த பட்டி டீவன்ஸ், 2010-ஆம் ஆண்டு முதல், பயிற்சியின்போது தம் வீரர்கள் ஒருவரையொருவர் வீழ்த்துவதையே நிறுத்திவிட்டார். மூட்டைகளையும், பின்னர் அக்கல்லூரிப் பொறியியல் மாணவர்கள் உருவாக்கிய நகரும் இயந்திரப் பொம்மையையும் வைத்தே பழக்கினார். அணி தேய்ந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். ஆனால் 2015-இல் அந்த அணி ஐவி லீக் வாகையர் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது.

மூளையைப் பற்றியும் ஒரு சொல். டப்பாவில் உறைந்த தயிரைக் குலுக்கினால், டப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, தயிர் கலங்கிவிடும். தலைக்கவசத்துக்குள் இருக்கும் மூளையும் அப்படித்தான். மோதலுக்குப் பின் தலைவலி, தடுமாற்றம், வாந்தி, கேட்டதற்குப் பொருந்தாத பதில் ஆகியவை தென்பட்டால், அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்துவிட்டது. மருத்துவர் பார்க்கும்வரை திடலுக்குள் விடலாகாது. விழுந்தவர் கழுத்து வலிக்கிறது, கைகால் மரத்துவிட்டது என்றால் அவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள். தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸை அழையுங்கள். பாசத்தோடு கைகொடுத்துத் தூக்குவதே சில வேளைகளில் பெருந்தீங்காகிவிடும்.

பெற்றோர்களே, தொலைக்காட்சியில் இந்த ஆட்டத்தைக் கண்டு நம் பிள்ளைகள் தோட்டத்துத் திடலில் அதுபோல் முட்டி விளையாட விரும்பலாம். பயிற்றுநரும் இல்லை, விரிப்பும் இல்லை, இறுகிய மண்தரை. அங்கே அது வேண்டாம். அவர்களுக்கு ஏற்ற வேறொரு வடிவம் உண்டு. இடுப்பில் துணிக்கொடி செருகி, அதை உருவி எடுத்தாலே ஓடுபவர் பிடிபட்டதாகக் கொள்ளும் கொடிக் காற்பந்து அது. 2028-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதைச் சேர்ப்பதென 2023-ஆம் ஆண்டில் முடிவாயிற்று. இரண்டு துண்டுத் துணியும் ஒரு பந்தும் இருந்தால் போதும். ஓட்டமும் உண்டு, உத்தியும் உண்டு, இடுப்பைக் குறிவைக்கும் பார்வைப் பயிற்சியும் உண்டு.

மாணவச் செல்வங்களே, பள்ளியில் ரக்பி பழகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், முதல் நாளே ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: "ஐயா, என் தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?" அதற்கு விடை தெரிந்துகொண்ட பிறகு ஓடத் தொடங்குங்கள்.