பைக்குள் ஒரு பயணம்

சென்னை கொளத்தூரிலிருந்து வண்ணமீன்கள் பைகளில் அடைக்கப்பட்டு வெளியூர்களுக்குப் போகின்றன. கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பே அவற்றுக்குத் தீனியை நிறுத்திவிட வேண்டும். கொடுமையல்ல, கருணைதான். வயிறு நிறையத் தின்ற மீன் பைக்குள்ளேயே கழிவை விடும். அந்தத் தண்ணீரில் சேரும் அம்மோனியா மீனைக் கொன்றுவிடும்.

பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். வாயால் ஊதிக் கட்டவே கூடாது! குஞ்சுகள் சிக்கி நசுங்காதபடி பையின் மூலைகளை ரப்பர் பேண்டால் கட்டுவார்கள். மேலே இன்னொரு பை, சூடு தாக்காமலிருக்கத் தெர்மாகோல் பெட்டி. சண்டைமீனுக்குத் தனிப் பை.

வீடு வந்ததும் பையைப் பிரிக்காமல் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.