வலியும் வலிமையும்: காற்பந்தின் கிளை ஆட்டங்கள் பற்றிய ஓர் ஒப்பீடு

(கள்ளிக்குப்பத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் காற்பந்துக்கு என்ன வேலை என்னும் ஐயம் எழலாம். விளையாட்டைப் பாடாத புலவர் மரபன்று தமிழ் மரபு. ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி மற்போரில் வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். முல்லைக்கலி ஏறு தழுவுதலை விரித்துரைக்கிறது. உடல் வலிமை எது என்னும் வினா, ஆகவே, இலக்கியத்துக்கு அயலான வினாவன்று.

காற்பந்து என்னும் ஒரு பெயரின்கீழ் உலகில் பல ஆட்டங்கள் வழங்குகின்றன. நம் தெருக்களில் ஆடப்படும் காற்பந்து, பந்தைக் கையிலேந்தி ஓடும் ரக்பி, தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து மோதும் அமெரிக்கக் காற்பந்து, நீள்வட்டத் திடலில் ஆடப்படும் ஆஸ்திரேலியக் காற்பந்து ஆகியன அவற்றுள் சில. இவற்றுள் எதனை ஆடுவோர் உடலுரம் மிக்கவர் என்னும் வாதம் உலகெங்கும் ஓயாது நடைபெறுகிறது. அவரவர் தத்தம் நாட்டு ஆட்டத்தையே உயர்த்திப் பேசுவது இயல்பு. அளவுகோல் எது என்பதை முடிவு செய்யாமல் அளக்கப் புகுவதே இவ்வாதத்தின் குறை.

அளவுகோலைத் தமிழே தருகிறது. 'வலி' என்னும் சொல் வள்ளுவரிடத்து ஆற்றலைக் குறிக்கிறது. இன்றைய வழக்கிலோ அது நோவைக் குறிக்கிறது. நோவைப் பொறுப்பதே ஆற்றல் என்று மயங்குவதற்கு இச்சொல்லே இடந்தருகிறது. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணைவர் வலிமை என நான்கினையும் ஆராயச் சொல்கிறார். அறிதல் என்பதே அங்குத் தலைமை பெறுகிறது.

இனி வரலாற்றைக் காண்போம். 1863-ஆம் ஆண்டு இலண்டனில் காற்பந்துச் சங்கம் தோன்றி விதிகளை வகுத்தது. எதிராளியின் கணைக்காலில் உதைப்பதைத் தடை செய்வதா என்பதில் பூசல் எழுந்தது. உதைத்தலை நீக்கினால் ஆட்டத்தின் வீரமே போய்விடும் என்று வாதிட்ட பிளாக்ஹீத் கழகத்தார் சங்கத்தை விட்டு வெளியேறினர். 1871-இல் ரக்பி ஒன்றியம் உருவானபோது அக்கழகமும் அதில் இடம்பெற்றது. அவ்வொன்றியமோ அதே உதைத்தலைத் தன் விதிகளில் தடை செய்தது! வீரத்தின் உயிர்நாடி எனப் போற்றப்பட்ட ஒன்று எட்டே ஆண்டுகளில் வேண்டாததாயிற்று. ஆட்டம் அழியவில்லை; வளர்ந்தது.

ஒவ்வோர் ஆட்டமும் தனக்கேற்ற உரத்தை வேண்டுகிறது. காற்பந்தாளர் 90 நிமிடம் ஆடி, சுமார் 10 கிலோமீட்டர் தொலைவு ஓடுகிறார். பதினைவர் ஆடும் ரக்பியில் இரு பக்கமும் எண்மர் தோளோடு தோள் பிணைந்து முட்டித் தள்ளுகின்றனர். அங்கு வேண்டப்படுவது கழுத்தின் உரம், முதுகின் உரம். அணிக்குப் பதினெண்மர் ஆடும் ஆஸ்திரேலிய ஆட்டத்தில் ஓட்டமும் மோதலும் ஒருங்கே அமைகின்றன; உயரத் தாவிப் பந்தைப் பற்றுவது அதன் சிறப்பு. அமெரிக்க ஆட்டத்தில் ஒவ்வொரு மோதலும் சில நொடிகளில் முடியும். அந்நொடிகளுக்குள் முழு ஆற்றலும் வெளிப்பட வேண்டும். மரத்தை வெட்டுபவனையும் மூட்டையைச் சுமப்பவனையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாதவாறு போல, இவர்களையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது.

கவசம் அணிந்தவர் மெல்லியர், அணியாதவர் வல்லியர் என்பது ஒரு சாரார் கூற்று. 1905-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காற்பந்தில் பதினெட்டுக்குக் குறையாத இளைஞர்கள் மாண்டனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டே விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிதல் ஏற்கப்பட்டது. 1943-இல் அந்நாட்டின் தொழில்முறை ஆட்டத்தில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. கவசம் மண்டையோட்டைக் காத்தது. ஆயின், அதுவே தலையை ஆயுதமாக்கி மோதும் துணிவையும் தந்தது. மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதைக் கவசம் தடுப்பதில்லை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1911-இல் கல்கத்தாவில் மோகன் பகான் அணியினர், ஒருவர் நீங்கலாக, வெறுங்காலுடன் ஆடிக் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்றனர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கிலும் இந்தியர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்சிடம் 1-2 எனத் தோற்றனர். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952-இல் குளிர் மிகுந்த ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றபின் காலணி கட்டாயமாயிற்று. வெறுங்காலின் வீரம் பொய்யன்று. அதனைக் கைவிட்டதும் கோழைமையன்று. செயலின் வலிமை அறிந்த செயல்.

தொழிற்பேட்டைகள் சூழ்ந்த அம்பத்தூர்ப் பகுதி மக்களுக்கு இன்னொரு செய்தி எளிதில் விளங்கும். இங்கிலாந்தின் வட பகுதியில் ரக்பி ஆடிய சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் கூலியை இழந்தனர். அவ்விழப்புக்கு ஈடு கேட்டனர்; ரக்பி ஒன்றியம் மறுத்தது. 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் வடபுலக் கழகங்கள் கூடித் தனி ஒன்றியம் கண்டன. பதின்மூவர் ஆடும் ரக்பி லீக் அதன் வழிவந்ததே. செல்வர்க்குக் கை முறிந்தால் அது வீரக்கதை. உழைப்பாளிக்கு முறிந்தால் அடுப்பு எரியாது. உடலுரம் பற்றிப் பேசுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இனி உரையின் மையத்துக்கு வருவோம். பழந்தமிழர் மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் எனப் போற்றினர். விளையாட்டுலகமும் அம்மரபினதே. 1956-இல் இங்கிலாந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் கோல் காவலர் பெர்ட் டிரவுட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் இறுதிவரை ஆடினார். இன்றும் அது வியந்து பேசப்படுகிறது.

ஆனால், கண்ணுக்குப் புலப்படாத புண்ணும் உண்டு. அமெரிக்கக் காற்பந்தின் புகழ்மிக்க வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் தம் 50-ஆம் வயதில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு அவர்தம் மூளையை ஆராய்ந்து, தொடர் அடிகளால் விளைந்த சிதைவைக் கண்டறிந்தார். பந்தைத் தலையால் முட்டுவதில் பெயர் பெற்ற இங்கிலாந்துக் காற்பந்தாளர் ஜெஃப் ஆஸ்ல் அதே ஆண்டில் 59-ஆம் வயதில் மறைந்தார். அவர் சாவு தொழில்வழி நோயால் நேர்ந்தது என மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். 2003-இல் ரக்பி உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ப்சன், தமக்கு இளவயதிலேயே மறதிநோய் வந்ததை 2020-இல் வெளியிட்டார். அக்கோப்பையை வென்றதே தம் நினைவில் இல்லை என்றார். வெற்றியை ஈட்டிய உடலே அவ்வெற்றியின் நினைவை இழந்துவிட்டது.

மென்மையானது எனப்படும் காற்பந்தும் இதற்கு விலக்கன்று. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் காற்பந்தாளர் 7,676 பேரைப் பற்றிய கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் வெளிவந்தது. நரம்புச் சிதைவு நோய்களால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதி என அது கண்டது. இதய நோயால் இறப்போர் அவர்களிடையே குறைவு என்பதையும் அது காட்டியது. விளையாட்டு உடலைக் காக்கிறது. அதில் படும் அடி மூளையைச் சிதைக்கக்கூடும். இரண்டும் உண்மை.

மயிற்பீலி மெல்லியது, அளவிறந்து ஏற்றினால் அதுவும் வண்டியின் அச்சை முறிக்கும் என்று வலியறிதல் அதிகாரத்திலேயே வள்ளுவர் கூறியுள்ளார். ஒருமுறை தலையால் முட்டிய பந்து பீலி போன்றது. பல்லாயிரம் முறை முட்டியது வண்டியளவு பீலி. 2020-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றின் காற்பந்துச் சங்கங்கள் தொடக்கப்பள்ளிச் சிறார் பயிற்சியில் தலையால் முட்டலாகாது என வழிகாட்டியது இதனை உணர்ந்தமையால்தான்.

ஆகவே, எந்த ஆட்டத்தினர் உரமிக்கவர் என்னும் வினாவுக்கு விடை, மிகுதியாக அடிபடுவோர் என்பதன்று. அடிபட்டுத் தலை சுற்றும் சிறுவனை, "ஒன்றுமில்லை, எழுந்து ஆடு" என்று ஏவுவது வீரம் வளர்ப்பதாகாது. அவன் கைபிடித்துத் திடலுக்கு வெளியே அமர்த்தி, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே துணைவலி.

நம் சடுகுடு இதனை முன்பே கற்பித்துள்ளது. பாடிச் செல்பவன் தன் மூச்சின் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். மூச்சு தீருமுன் கோட்டுக்குத் திரும்பி வருபவனை எவரும் கோழை என்பதில்லை. திரும்புதலும் ஆட்டத்தின் ஒரு பகுதியே. அவன் மீண்டும் பாடிச் செல்வான்.